மயிரிழை சின்ன அச்சு

சென்ற ஆண்டு மாநிலத் துப்பாக்கிச் சுடும் போட்டியில், பத்தொன்பதாவது வெடியோடு சுஜீவாவின் துவக்கு வாயை மூடிக்கொண்டது. சுட்டு முடிந்த ரவைத் தோட்டாவின் பித்தளைக் கோது குழலின் அடியில் இருக்கும் அறைக்குள் இறுகிவிட்டது. கோதை வெளியே எடுக்கப் பின்னாலிருக்கும் போல்ட்டைத் தூக்கவேண்டும். அவள் படுத்த வாக்கில் தூக்கிப் பார்த்தாள், முழங்காலில் நின்று தூக்கிப் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். அது அசைந்தால்தானே. கடைசியில், சுடுவோர் சங்கத்துக்குத் துவக்குத் திருத்திக் கொடுக்கும் கால்வைட் தன் பெரிய வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, மரச்சுத்தியல் ஒன்றால் நாலு போடு போட்டார். திறந்தது. அதற்குள் நேரமும் போய்விட்டது, மானமும் போய்விட்டது.

கால்வைட் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அவருக்கு வாய் சும்மா இருக்காது. அன்றைக்கே சுஜீவாவுக்கு ‘ஹோல்ட்ஸ்ஹாமர்’ என்று பட்டம் வைத்துவிட்டார். மரச்சுத்தியல் என்று அர்த்தம். சங்கத்தின் நத்தார் பண்டிகை விருந்தில் ரிப்பன் கட்டிய சுத்தியல் ஒன்றைப் பரிசாகவும் கொடுத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கார் கதவை அடித்துச் சாத்திய சத்தத்தில் மூன்றாம் மாடிக்காரர் யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

சுஜீவா மன்னாரில் பிறந்து, நாலு வயதில் தாயின் இடுப்பில் இருந்தபடி ஜெர்மனிக்கு வந்தவள். இப்போது நாற்பத்துமூன்று. கெல்சென்கிர்ச்சனில் வீடு, பக்கத்து நகரில் வேலை. தொழில், உருக்குக் கருவிகளைத் தீட்டுவது. அதில் முறையாக அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவள். அவள் கையால் தீட்டிய றீமர்கள் ஆஸ்பத்திரிகளுக்குப் போகின்றன. இடுப்பெலும்பு மாற்றும் வைத்தியர்கள் எலும்பில் குழி குடைவது அவற்றால்தான். றீமர் என்றால் துளையைத் தேவையான அளவுக்கும் வடிவத்துக்கும் குடைந்தெடுக்கும் கருவி. அதில் தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் அவளுக்கு இரவுச் சாப்பாடு இறங்காது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் வேலைத்தலத்துச் சிநேகிதி ஒருத்தி, வாடி ஒருநாள் பார்ப்போம் என்று சங்கத்துக்குக் கூட்டிப்போனாள். முந்நூறு மீற்றர் தூரத்தில் ஒரு கறுப்பு வட்டம். பாயில் குப்புறப் படுத்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, விரலை மெல்ல மடக்கவேண்டும். அந்தப் பாதி மூச்சில் சுஜீவாவுக்கு ஒரு அமைதி கிடைத்தது. வேலை, வீடு, அம்மாவின் சர்க்கரை வியாதி, மாதா கோயில் பெண்கள் குழுவின் சண்டை எல்லாம் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டன. சிநேகிதி மூன்றாம் மாதமே நின்றுவிட்டாள். சுஜீவா நிற்கவில்லை.

அவள் கணவன் யோசப்புக்கு இது துண்டாகப் பிடிக்காது. அவன் நகர பஸ் ஓட்டுபவன். பத்தொன்பது வயதுவரை மன்னாரில் இருந்தவன். துவக்குச் சத்தம் விளையாட்டுச் சத்தமாக அவன் காதில் ஒருநாளும் விழுந்ததில்லை. புதுவருடப் பிறப்பன்று ஊரே வெடி கொளுத்தும்போது அவன் குளியலறைக்குள் போய் ரேடியோவை உரக்க வைத்துக்கொண்டு இருப்பான். பயம். அதை அவன் மறைப்பதும் இல்லை. மனைவியின் துவக்குப் பெட்டி இருக்கும் நிலவறைப் பக்கமே அவன் போவதில்லை. போட்டி பார்க்க ஒருமுறைகூடப் போனதில்லை. போகாதே என்று அவளை மறித்ததும் இல்லை. முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொள்வான்.

சுஜீவாவுக்கு வந்த வினை எல்லாம் காட்டுப்பூனையால் வந்தது. எந்தக் கடையிலும் விற்காத, சுடுபவர்கள் தாங்களே உருவாக்கிக்கொள்ளும் ரவைக்கு அந்த உலகத்தில் ‘வைல்ட்கட்’ என்று பெயர். கடையில் வாங்கிய கோது ஒன்றின் கழுத்தை ஒடுக்கி, தோளைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் புதிய ரவை. கடையில் இல்லாத ரவையா என்று கேட்டால் அவர்களிடம் பதில் இராது. அம்மா வைக்கும் மீன்குழம்பு இருக்கும்போது நாம் ஏன் தனியாக ஒரு குழம்பு வைத்துப் பார்க்கிறோம்? அப்படித்தான் இதுவும்.

காட்டுப்பூனைக்கு இரண்டு சாமான் வேண்டும். ஒன்று, குழலில் அந்த ரவைக்கு அளவான அறையைக் குடைய ஒரு றீமர். மற்றது, சுட்டபின் ஊதிப்போன கோதைத் தள்ளி அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர ஓர் அச்சு. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும். அறை ஒருவன் கையிலும் அச்சு இன்னொருவன் கையிலும் பிறந்தால், கோது இரண்டு மாமிக்கு நடுவில் அகப்பட்ட மருமகள் மாதிரித்தான். சென்ற ஆண்டு சுஜீவா வைத்திருந்தது அப்படி இரண்டு இடத்தில் வாங்கிய சோடி. அதனால் வந்ததுதான் மரச்சுத்தியல்.

இந்த முறை இரண்டையும் தானே செய்வது என்று முடிவெடுத்தாள். யோசப்பிடம் ஒரு சபதமும் போட்டாள்.

“இந்த முறையும் போட்டியில இறுகிச்சுதெண்டால், துவக்கை வித்துப்போட்டு விட்டிடுறன். சத்தியமா.”

யோசப் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். “மெய்யாவோ?” என்று மட்டும் கேட்டான். அவன் கண்ணில் வந்த வெளிச்சத்தை அவள் கவனித்தாள். கவனித்ததும் இன்னும் ரோசம் வந்தது.

வேலைத்தலத்து மேற்பார்வையாளரிடம் கேட்டு, வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்தபின் நிறுவனத்தின் இயந்திரத்திலேயே றீமரைத் தீட்டினாள். முதல் றீமரின் வெட்டு விளிம்பில் சின்னப் பிசிர். அதைத் திருத்த மறுபடி தீட்டினாள், அது மெலிந்துபோனது. சீ என்று பெட்டியில் எறிந்துவிட்டு இரண்டாவது தீட்டினாள். அது கச்சிதம். அதைக் கொண்டு கால்வைட் குழலில் அறையைக் குடைந்தார். றீமர் தீட்ட யாருக்கும் உரிமை உண்டு. அதைக் குழலில் வைத்துக் குடைய அனுமதி பெற்ற துவக்குத் தொழிலாளிக்கு மட்டும்தான் உண்டு. பிறகு அரசாங்கச் சோதனைக்கூடம் சுட்டுப் பார்த்து முத்திரை குத்தித் தந்தது. அச்சுக்கென்று மூன்றாவதாக ஒரு றீமர் தீட்டினாள், இரண்டாவதின் இரட்டைப் பிள்ளையாக. அளந்து பார்த்தால் எது எதென்று அவளுக்கே தெரியாது. அப்படி ஒரு ஒற்றுமை. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினாள். தங்கை, “ரெண்டு ஆணியை ஏன் எனக்கு அனுப்பிறாய்?” என்று கேட்டாள்.

வசந்தத்தில் எல்லாம் வெண்ணெயாக ஓடியது. புதுக் கோதுகள், அழகாகப் போயின, அழகாக வந்தன. அதே கோதுகளை அமுக்கி, வெடிமருந்திட்டு, இரண்டாம் தரம் சுட்டாள். நல்லது. மூன்றாம் தரமும் நல்லது. நாலாம் தரம் போல்ட் கொஞ்சம் முனகியது. ஐந்தாம் தரம், யூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை, இறுகிவிட்டது.

அவள் யாருக்கும் தெரியாமல் உள்ளங்கையால் குத்திக் குத்தித் திறந்தாள். கை வீங்கியது. கார் வரைக்கும் முகத்தை ஒருமாதிரி வைத்துக்கொண்டு போய், உள்ளே இருந்து அழுதாள். வெட்கத்தைவிடப் பெரிய துக்கம் என்னவென்றால், பிழை எங்கே என்று தெரியாததுதான். அறை சரி. அச்சு சரி. இரண்டும் ஒரே அளவு. பிறகென்ன கேடு? அமுக்கிய கோதை அளந்து பார்த்தால் அச்சைவிடத் துளி கூடுதலாகக் காட்டியது. அளவுகருவி பிழை என்று நினைத்து வேறொன்றால் அளந்தாள். அதுவும் அப்படியே காட்டியது. வெயிலுக்குப் பித்தளை விரிந்திருக்கும் என்று தனக்குத் தானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டாள். தன் வேலையில் பிழை இருக்கலாம் என்ற நினைப்பு மட்டும் அவளுக்கு வரவே இல்லை.

யூலையில் ஒரு ஞாயிறு காலை, யோசப் குசினியில் நின்று இடியப்ப உரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவனுடையது. உரல் புதிது, இணையத்தில் வாங்கியது.

“வித்தவன் கள்ளன்,” என்றான் அவன். “ஓட்டை ஒரு மில்லிமீற்றர் எண்டு போட்டிருக்கிறான். பார், புழிஞ்சா நூல் எவ்வளவு தடிப்பா விழுதெண்டு. இது இடியப்பமோ, கயிறோ?”

சுஜீவாவின் கைப்பையில் எப்போதும் ஓர் அளவுகருவி இருக்கும். எடுத்து ஓட்டையை அளந்தாள். “அவன் கள்ளன் இல்லை. ஒரு மில்லிமீற்றர்தான்.”

“அப்ப ஏன் தடிக்குது?”

“இஞ்சேருங்கோ, இது தெரியாதே?” என்று அவள் பாடம் எடுக்கத் தொடங்கினாள். “ஓட்டைக்குள்ள போகேக்க மா அமத்துப்பட்டுப் போகுது. வெளியில வந்த உடன அமத்தம் விட்டிடும். கொஞ்சம் ஊதும். ஓட்டையிட அளவிலயே நூல் வருமெண்டு எந்த மடையன்...”

அவள் வாய் அப்படியே நின்றுவிட்டது.

யோசப் நிமிராமலே, “அப்ப எனக்கு நூல் மெல்லிசா வேணுமெண்டால், ஓட்டையை அதைவிடச் சின்னனா எல்லோ எடுத்திருக்கவேணும்,” என்றான்.

சுஜீவா கதிரையில் உட்கார்ந்தாள். பித்தளையும் ஊதும். அச்சுக்குள் எவ்வளவு அமுக்கினாலும் வெளியே வரும்போது துளி நிமிரும். பழசாகி இறுக இறுக இன்னும் நிமிரும். அச்சும் அறையும் ஒரே அளவென்றால், அச்சைவிட்டு வரும் கோது அறைக்குப் பெரிதாகத்தானே இருக்கும்! அச்சு மயிரிழை சின்னதாக இருக்கவேண்டும். உருக்குத் தீட்டியே வளர்ந்தவளுக்கு உருக்கின் குணம் தெரியும். தீட்டிய அளவில் அது அப்படியே நிற்கும், சொல்வழி கேட்கும் பிள்ளை. பித்தளை அப்படியல்ல. இரட்டைப் பிள்ளை என்று கொண்டாடினாளே, அந்தக் கச்சிதம்தான் பிழை.

“கடவுளே, மடைச்சி! நான்தான் அந்த மடைச்சி!” என்று கத்திக்கொண்டு எழும்பி, மாப் படிந்த அவன் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள்.

விசயத்தைக் கேட்டு விளங்கியதும் யோசப்பின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. “அப்ப இனி இறுகாதோ?” என்றான்.

“இறுகாது!”

“வாயை வச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்,” என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி உரலைத் திருகத் தொடங்கினான்.

புது அச்சுக்கு மயிரிழை சிறிய றீமர் வேண்டும். தீட்ட வழியில்லை, நிறுவனம் கோடை விடுமுறைக்கு மூடிவிட்டது, திறக்கும்போது போட்டி முடிந்திருக்கும். அப்போதுதான் சீ என்று எறிந்த முதல் றீமர் ஞாபகம் வந்தது. பெட்டியைக் கவிழ்த்துத் தேடி எடுத்து அளந்தாள். மெலிந்துபோனது என்று ஒதுக்கினாளே, அது மெலிந்திருந்த அளவு இப்போது தேவையான அளவுக்கு அச்சொட்டாகச் சரி. அன்றைக்கு அதை உடைத்துப் போடாமல் விட்டது அவளுடைய சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு நன்றி சொன்னாள்.

ஆனால் அச்சைக் கடையவும் சூடேற்றி இறுக்கவும் பட்டறை வேண்டும். இருப்பது கால்வைட்டிடம். சுத்தியல் பட்டம் வைத்த மனிதனிடமே போய், நான் பிழைவிட்டேன் என்று சொல்லவேண்டும். இரண்டு நாள் ஆறப்போட்டாள். மூன்றாம் நாள் போய்ச் சொன்னாள். கால்வைட் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“உலகத்தில் எல்லோரும் பொருந்தாத சோடியால் கெட்டார்கள்,” என்றார். “நீ ஒருத்திதான் அளவுக்கு மீறிப் பொருந்தியதால் கெட்டிருக்கிறாய்.”

பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, கடைசல் இயந்திரத்தின் மேலிருந்த துணியை இழுத்துக் கீழே போட்டார். “நில்லாதே, வா.”

இருவருமாக அச்சைக் கடைந்தார்கள். அந்த மெலிந்த றீமரால் அவளே குடைந்தாள், ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணெய் விட்டு, சீவலைத் துடைத்துத் துடைத்து. சூளையில் வைத்து இறுக்கி, உள்ளே கண்ணாடியாக மினுங்கும்வரை தேய்த்தாள். பழைய கோது ஒன்றை அதில் அமுக்கி எடுத்துத் துவக்கின் அறைக்குள் விட்டாள். இழுத்து மூடும் மேசை லாச்சி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது, அப்படியே வந்தது.

“போட்டிக்குப் புதுக் கோது போடு,” என்றார் கால்வைட். “புதுக் கோது எப்படியும் இறுகாது. ஏன் வீண் பயம்?”

“இல்லை. பழசுதான்.”

“பைத்தியமா உனக்கு? ஐந்து தரம் சுட்ட கோது. புது அச்சில் அமுக்கி ஒரு தரம்கூட நீ அவற்றைச் சுட்டுப் பார்க்கவில்லை.”

“புதுக் கோதில் ஓடினால் கோதுக்குத்தான் பெருமை,” என்றாள் சுஜீவா. “என் அச்சுக்கு என்ன பெருமை?”

அவர் கையை விரித்தார். அவள் பிடித்தால் பிடித்ததுதான். இறுகிக் கையை வீங்கவைத்த அதே கோதுகளில் அறுபதை எடுத்து மருந்திட்டுப் பெட்டியில் அடுக்கினாள்.

போட்டி ஓகஸ்ட் மாதம், சனிக்கிழமை. அதுவும் எந்தச் சனி? கேவலார் மாதா கோயிலுக்கு ஜெர்மனித் தமிழ்ச் சனம் எல்லாம் திரண்டு போகும் சனி. அன்றைக்கு வராதவளைப் பற்றிப் பெண்கள் குழுவில் என்ன பேசுவார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுடைய பஸ்ஸை ஓட்டிப்போவது வருடா வருடம் யோசப்தான். விடிய எழும்பி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனான். வெல்லு என்றும் சொல்லவில்லை, தோற்று வா என்றும் சொல்லவில்லை.

சுடுதிடலில் காற்று இடமிருந்து மெல்ல வீசியது. சுஜீவா பாயில் படுத்தாள். முதல் வெடி. போல்ட்டைத் தூக்கினாள், இரண்டு விரலால். திறந்தது. பித்தளைக் கோது சூடாக உள்ளங்கையில் விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது. பத்துத் தாண்டியது. பத்தொன்பதாவது ரவையை உள்ளே தள்ளினாள். சுட்டாள். ஒரு கணம் கையைப் போல்ட்டில் வைக்கவே பயம். வைத்தாள். தூக்கினாள். திறந்தது.

அதற்குப் பிறகு அவள் எண்ணவில்லை. போல்ட் எப்போது இறுகுமோ என்ற நினைப்பே ஒரு வருடமாக அவள் மூச்சைக் கெடுத்திருந்தது. அது போனதும் கறுப்பு வட்டம் பக்கத்தில் வந்து நின்றது போலிருந்தது. பத்து, பத்து, ஒன்பது, பத்து என்று பக்கத்துத் திரை காட்டிக்கொண்டே போனது. பின்னால் நின்ற கால்வைட் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

பெட்டியில் கடைசி ரவை. காற்று ஒருதரம் திரும்பியது. பொறுத்தாள். காற்றுப் பழையபடி வந்தது. பாதி மூச்சில் விரலை மடக்கினாள். திரையைப் பார்க்கவில்லை. போல்ட்டைத்தான் பார்த்தாள். சின்னிவிரலை அடியில் கொடுத்து, சும்மா ஒரு தட்டு. அறுபதாவது கோது துள்ளி வெளியே வந்தது.

“திறந்திட்டுதடீ!”

திடல் முழுக்கக் கேட்கும்படி, தமிழில் ஒரு சத்தம். மற்றவர்கள் இன்னும் சுட்டுக்கொண்டிருக்கும் நேரம். மூச்சு விடவே யோசிக்கும் இடம். நடுவர் கோபத்தோடு திரும்பினார். தடுப்புக் கம்பிக்கு அப்பால், வெள்ளைச் சேட்டுடன், காதை மூடும் பெரிய கறுப்புக் கவசத்தை இரண்டு கையாலும் தலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, யோசப் நின்றான். ஒவ்வொரு வெடிக்கும் அவன் தோள் துள்ளியது. ஆனாலும் நின்றான்.

“அவர் என்ன சொல்கிறார்?” என்று கால்வைட் கேட்டார்.

“திறந்துவிட்டதாம்,” என்றாள் சுஜீவா.

முடிவை அறிவித்தபோது அவள் பெயர்தான் முதலாவது. இரண்டாவதாக வந்தவரை மூன்று புள்ளியால் முந்தியிருந்தாள். கால்வைட் அவளைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, முதுகு பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். இருந்தபடியே சுற்றி நின்றவர்களுக்கு அந்த அச்சின் புகழைப் பாடினார், பாதி தான் செய்தது என்ற மாதிரி. பாடிவிட்டுப் போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். வெளியே வந்ததும் யோசப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“பஸ்?”

“சனத்தைக் கொண்டுபோய் இறக்கிப்போட்டு, என்னோட வேலை செய்யிற றொனால்ட் அண்ணையிட்ட பஸ் திறப்பைக் குடுத்தனான். பின்னேரம் அவர் ஓட்டிக்கொண்டு வருவார். நான் ரயில்ல வந்தனான்.” அவன் கவசத்தைக் கழற்றினான். காதோரம் சிவந்து, அழுத்திய அடையாளம் கிடந்தது.

“பயமா இருக்கேல்லையோ?”

“ஏன் இல்லை? அமத்தின அமத்தில காதே சிவந்துபோச்சு. பார்.”

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் கார் நிற்கும் பக்கம் நடந்தார்கள். பாதி வழியில் அவன் நின்றான்.

“சுஜீ, ஒண்டு சொல்லவேணும். பன்னிரண்டு வருசமா ஒவ்வொரு கேவலாருக்கும் நேத்தி வச்சனான். உனக்கு இந்தத் துவக்கு விட்டுப்போகவேணும் எண்டு. ஒவ்வொரு வருசமும் ஒரு மெழுகுதிரி.”

கோபப்படலாமா என்று அவள் ஒரு கணம் யோசித்தாள்.

“இண்டைக்குமோ?” என்று கேட்டாள்.

“இண்டைக்கும் கொளுத்தினனான். கொளுத்தேக்க, உன்ர வீங்கின கைதான் கண்ணுக்க நிண்டது. என்ர மனுசி இவ்வளவு பாடுபட்டிருக்கிறாள், அது திறக்கட்டும் எண்டு கேட்டனான்.” யோசப் மூக்கை உறிஞ்சினான். “கேட்டுப்போட்டு அங்க நிக்க ஏலாமப் போச்சு. திறந்துதோ இல்லையோ எண்டு பாக்கவேணும் போல இருந்தது.”